மழைக்காட்டுக்கு ராயக்கோட்டை வழியாக

மலேசியாவுக்கு விமானம் ஏறுவதற்கு முன்னால் நான் கெலமங்கலத்தில் தக்காளி வண்டி ஏற வேண்டியிருந்தது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. விமானத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தூங்கிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் சண்முகம் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். புது மெஷின் ஒன்றைப் பழகிக்கொண்டு வர அவரையும் இன்னும் சிலரையும் மலேசியாவுக்கு அனுப்பினார்கள். விருப்பமிருந்தால் மனைவியைச் சொந்தச் செலவில் அழைத்து வரலாம். பயிற்சி முடிந்து கிடைக்கும் விடுமுறையில் கோலாலம்பூரில் கடைகடையாக ஏறி இறங்குவது என்று மற்றவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு மழைக்காடு பார்க்க வேண்டும் என்றேன்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. மழை பெய்த நாளை ஊர்த் திருவிழா மாதிரி நினைவு வைத்துக்கொண்டு பேசுகிற ஜனங்கள் நாங்கள். நிழல் வேண்டுமென்றால் சீமைக்கருவேலம்தான். தினமும் மழை பெய்கிற ஒரு காடு, வெயில் தரைக்கு வராத அளவுக்கு மரங்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோதே அது எனக்குள் பசியாக உட்கார்ந்துவிட்டது.

இடைஞ்சல் என் இடது கால்தான். சின்ன வயதில் போலியோ. தொடையிலிருந்து பாதம் வரை காலிப்பர் என்கிற இரும்புச் சட்டம் போட்டு நடக்கிறேன். நான் வேலை செய்யும் தரச்சோதனைப் பிரிவில் அளவு பார்க்கும் கருவிக்கும் அதே பெயர். அந்த ஜோக்கை எல்லோரும் ஆளுக்கொரு முறை அடித்து முடித்துவிட்டார்கள். வேண்டுமானால் நீங்களும் ஒருமுறை அடித்துக்கொள்ளலாம்.

கம்பெனி டூர் என்றால் எனக்கு ஒரே வேலைதான். ஒகேனக்கல் போனபோது எல்லோரும் அருவி பார்த்தார்கள், நான் எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டேன். ஏற்காட்டில் பைகள். யாரும் என்னை அப்படி உட்காரச் சொல்லவில்லை. "நீங்க மெதுவா வாங்க, நாங்க நிக்கிறோம்" என்றுதான் சொல்வார்கள். நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பதைவிட உட்கார்ந்துகொள்வது எனக்கு மேல் என்று பட்டது. ஆனால் கோபம் வராமல் இல்லை. நன்றாகவே வரும்.

"பைக்குக் காவல் இருக்க நான் கடல் தாண்டி வரமாட்டேன். காட்டுக்குள்ள என்னால போக முடியும்னா வாரேன். இல்லைன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று சண்முகத்திடம் சொல்லிவிட்டேன்.

"முடியுமா முடியாதான்னு யாருட்ட கேக்க?" என்றார் அவர். நியாயமான கேள்வி. எங்களுக்குத் தெரிந்தவர் யாரும் அந்தக் காட்டைப் பார்த்ததில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினால், படம் மேலிருந்து பாதி இறங்கி நின்றுவிடும். வந்த பாதியில் அரைக்கால் சட்டை போட்டவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கால்களைப் பார்த்து எனக்கு என்ன தெரியப்போகிறது? ஒரு நல்ல பயணக் கையேடு வாங்குவது என்று தீர்மானித்தோம்.

ஓசூர் புத்தகக் கடையில் மலேசியாவுக்கு கைடு இருக்கிறதா என்று கேட்டேன். "எந்த கிளாஸுக்கு மேடம்?" என்றார் கடைக்காரர். அடுத்த சனிக்கிழமை பெங்களூருக்குப் பஸ் ஏறினேன்.

துணைக்கு நூர்ஜஹான் வந்தாள். சோதனைப் பிரிவில் எனக்குப் பக்கத்து மேஜை. என்னைவிட இளையவள், ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், கண்டக்டரிடம் கன்னடம், காய்கறிக்காரம்மாவிடம் தெலுங்கு, ஆடிட்டரிடம் இங்கிலீஷ். எந்த மொழியிலும் வாயை மூட மாட்டாள். மேம்பால வேலை நடந்துகொண்டிருந்ததால் பஸ் ஊர்ந்தது, பிறகு நின்றது, பிறகு டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போனார். எங்கள் ஊர்ப்பக்கம் டிரைவர் இப்படிச் செய்தால் பஸ்ஸே எழுந்து சண்டைக்குப் போகும். இங்கே ஆளாளுக்குப் பொட்டுக்கடலை வாங்கிக் கொறித்தார்கள்.

எம்.ஜி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய புத்தகக் கடை. மலேசியாவைப் பற்றி இரண்டு கையேடுகள் இருந்தன. ஒன்று சிவப்பு அட்டை, இன்னொன்று பச்சை அட்டை. காட்டின் நடுவே உயரமான மரங்களுக்கு இடையில் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு நடைபாலம் இருப்பதாக இரண்டும் சொல்லின. மர உச்சிகளுக்கு நடுவே நடக்கலாமாம். எனக்கு அங்கேயே மனது ஓடிவிட்டது.

அதற்குப் போகும் வழியைப் பற்றிச் சிவப்பு எழுதியிருந்தது: எல்லா வயதினரும் உற்சாகமாகப் போய்வரக்கூடிய சுலபமான நடை. பச்சை எழுதியிருந்தது: செங்குத்தான மரப்படிகள், கால் பலவீனமானவர்கள் இதை மறந்துவிட்டு ஆற்றில் படகுச் சவாரியோடு திருப்தி அடைவது நல்லது.

ஒரே காடு, ஒரே படி. எதை நம்புவது? கடைக்காரர் கன்னடத்தில் சொன்னதை நூர்ஜஹான் மொழிபெயர்த்தாள்: "ரெண்டையும் வாங்கிக்கிட்டா எதாவது ஒண்ணு சரியா இருக்கும்னு சொல்றாருக்கா."

அப்போதுதான் எனக்குத் தொழில் புத்தி வேலை செய்தது. எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஓர் அளவுகருவி வந்தால் அதைச் செய்தவன் சொல்வதை நாங்கள் நம்புவதில்லை. சரியான அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு துண்டு வைத்திருப்போம். அதற்கு மாஸ்டர் என்று பெயர். முதலில் அதை அளந்து பார்ப்போம். கருவி கூட்டிச் சொல்கிறதா, குறைத்துச் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். தப்பாகச் சொன்னாலும் பாதகமில்லை, எந்தப் பக்கம் தப்பு என்று தெரிந்தால் வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம்.

"நூரு, இதே ரெண்டு கம்பெனியும் நம்ம ஊரைப் பத்தி எதாவது எழுதிருக்கானா பாரு" என்றேன்.

எழுதியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் தென்னிந்தியா என்று தனிப் புத்தகம் இருந்தது. ஓசூரில் இறங்கக் காரணம் எதுவும் இல்லை என்று சிவப்பு சொன்னது. ஓசூரில் பஸ் மாறலாம் என்று பச்சை சொன்னது. நூர்ஜஹானுக்கு இரண்டின்மேலும் கோபம். "ரோஜாத் தோட்டம் தெரியலையா இவனுங்க கண்ணுக்கு?" என்றாள். ஆனால் ராயக்கோட்டை மலைக்கோட்டையைப் பற்றி இரண்டிலும் ஒரு பத்தி இருந்தது. சிவப்பில்: இதமான ஏற்றம், அகன்ற காட்சி. பச்சையில்: முதல் வாசலுக்கு மேல் படிகள் மோசம், கால் பலவீனமானவர்கள் அங்கேயே நின்றுவிடவும்.

கால் பலவீனமானவர்கள். இரண்டு நாட்டிலும் பச்சை என்னைத்தான் பெயர் சொல்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மலேசியப் புத்தகம் எதையும் வாங்காமல், எங்கள் சொந்த நாட்டைப் பற்றிய இரண்டு புத்தகங்களை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம். பார்த்த சண்முகத்துக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. சண்முகத்துக்கு ஓவர்டைம், அதனால் நாங்கள் இரண்டு பேர்தான். ஓசூர் பஸ் நிலையத்தில் போண்டா சூப் சாப்பிட்டோம். உளுந்து போண்டாவைப் பருப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தருவார்கள். இந்த ஊருக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து யாரோ கைதவறிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். இப்போது அது இல்லாமல் எனக்கு ஞாயிறு விடிவதில்லை. சாம்பாரில் வெல்லம் போடுவதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

பஸ் கெலமங்கலத்தில் புகை விட்டு நின்றுபோனது. கண்டக்டர் வெற்றிலை போட ஆரம்பித்ததைப் பார்த்ததும் இது இப்போதைக்குக் கிளம்பாது என்று புரிந்தது. காலித் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நூர்ஜஹான் தெலுங்கில் நாலு வார்த்தை பேசியதும் டிரைவர் பக்கத்து சீட்டைத் துடைத்துக் கொடுத்தார். என் காலிப்பரை உள்ளே மடக்கி வைப்பதற்குள் பின்னால் இரண்டு பைக் ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கன்னடத்தில் ஏதோ சொன்னார், ஹாரன் நின்றது. என்ன சொன்னார் என்று கேட்டேன். "அது மொழிபெயர்க்கற மாதிரி இல்லக்கா" என்றாள்.

சிவப்பு சொன்ன இதம் முதல் படியிலேயே காணாமல் போனது. முழங்கால் உயரத்துக்குக் கல். அதற்கு அடுத்தது ஒன்றுமே இல்லாத சரிவு. நான் வலது காலை வைப்பேன், சுவரில் கையை ஊன்றுவேன், இடுப்பால் இடது காலைத் தூக்கிப் போடுவேன். பிறகு மூச்சு வாங்குவேன். நூர்ஜஹான் எனக்காக நிற்கிற மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டாள். ஒவ்வொரு இடத்திலும் அவளுக்குச் செருப்பில் கல் புகுந்துகொள்ளும், இல்லையென்றால் யாருக்காவது போன் பண்ண வேண்டியிருக்கும். அந்தப் பொய்களுக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

முதல் வாசலில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். தெலுங்கில் கேட்டார், அர்த்தம் நூர்ஜஹான் பிறகு சொன்னது: "பாவம், எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம்? வேண்டுதலா?"

"ஆமாங்கம்மா, வேண்டுதல்தான்" என்றாள் நூர்ஜஹான், தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு.

"என்ன வேண்டுதல்?"

"அக்கா மலேசியா போகணுமாம்."

அந்த அம்மா என் காலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். எந்தச் சாமி ராயக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு மலேசியா அனுப்புகிறது என்று யோசித்திருப்பார். ஆனாலும் கையிலிருந்த கொம்பில் இலையை உருவிவிட்டு என்னிடம் கொடுத்தார். "ஊனிக்கோ. நல்லபடியா போயிட்டு வா" என்றார். நன்றி என்பதைத் தெலுங்கில் எப்படிச் சொல்வது என்று நூர்ஜஹானைக் கேட்பதற்குள் அவர் ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

பச்சை என்னை நிற்கச் சொன்ன இடம் அந்த வாசல். நான் நிற்கவில்லை. மேலே பாறைக்குள் தேங்கிய ஒரு சுனை வரைக்கும் போனேன். உட்கார்ந்து எழுந்து, ஓரிடத்தில் கைகளால் தவழ்ந்து, வெயில் உச்சிக்கு வரும்போது போய்ச் சேர்ந்தேன். மலை உச்சி இன்னும் மேலேதான் இருந்தது. ஆனால் இறங்குவதற்கும் கால் வேண்டும். சுனைக்கரையில் நூர்ஜஹான் வீட்டுப் பிரியாணியைப் பிரித்தோம். கீழே தக்காளி மார்க்கெட்டும் ரயில் பாதையும் தெரிந்தன. இவ்வளவு உயரத்திலிருந்து நான் எதையும் என் காலால் வந்து பார்த்ததில்லை. அழுதுகொண்டே சாப்பிட்டேன். காரம் என்று சொன்னேன், அவளும் நம்பியதாகச் சொன்னாள்.

"சிவப்புக்காரன் இங்க வந்தே இருக்கமாட்டான்க்கா. பஸ்ல போறப்போ பாத்து எழுதிட்டான்" என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். "பச்சைக்காரன் வந்திருக்கான். ஆனா சரியான பயந்தாங்கொள்ளி."

எனக்கும் அதே முடிவுதான். பச்சை பொய் சொல்லாது, ஆனால் குறைத்துச் சொல்லும். அது முடியாது என்கிற இடத்துக்கு அப்பாலும் எனக்குக் கொஞ்சம் பாதை உண்டு. அடுத்த வாரம் பெங்களூர் போய் அந்த இரண்டையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பச்சை மலேசியாவை வாங்கி வந்தேன். சண்முகத்திடம் "வாரேன்" என்றேன்.

கோலாலம்பூரைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். தேங்காய்ப்பாலில் வடித்த சோற்றை வறுத்த நெத்திலியோடு காலை ஏழு மணிக்கே சாப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி நெத்திலி தின்று வளர்ந்த எனக்கு இந்த ஞானம் இத்தனை காலம் எப்படிக் கிட்டாமல் போனது என்று வருத்தமாக இருந்தது. மற்ற குடும்பங்கள் கடைவீதிக்குப் போக, நாங்கள் இரண்டு பேரும் பகாங் மாநிலத்துக் காட்டுக்குப் போனோம். கடைசியில் நீளமான மரப்படகு. இரண்டு பக்கமும் மரங்கள் ஆற்றுக்குள் விழுந்துவிடுவது போல் சாய்ந்திருந்தன. படகில் இருக்கும்போதே மழை வந்தது. எல்லோரும் பிளாஸ்டிக் போர்வைக்குள் போய்விட்டார்கள். நான் போகவில்லை. படகோட்டி மலாய் மொழியில் ஏதோ கத்தினார். நனையாதே என்று சொல்லியிருப்பார். எங்கள் ஊர் மழை அவருக்குத் தெரியாது.

அன்று மாலை விடுதி வராந்தாவில் உட்கார்ந்து பச்சைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். காலிப்பர் மேல் ஓர் அட்டைப்பூச்சி ஏறிக்கொண்டிருந்தது. இரும்பில் ரத்தம் தேடுகிறதே என்று அதன்மேல் இரக்கப்பட்டுக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அங்கே எழுதியவரின் படமும் குறிப்பும் இருந்தன. இளம்பெண். மலையேறுவதில் பேர் வாங்கியவளாம். பனிமலை உச்சியில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் குப்பென்று வேர்த்தது. தென்னிந்தியப் புத்தகத்தில் இருந்த படம் ஞாபகம் வந்தது. அது ஒரு வயதானவர், முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டதைப் பற்றி முன்னுரையிலேயே புலம்பியிருந்தார். புத்தகத்தின் பச்சை அட்டைதான் ஒன்று, எழுதிய ஆள் வேறு. ஒரு கருவியைச் சோதித்துவிட்டு வேறொரு கருவியை எடுத்து வந்திருக்கிறேன். எங்கள் பிரிவில் புதுப்பெண் யாராவது இதைச் செய்திருந்தால் நானே அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். இதில் இன்னொன்றும் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர் ஒரு படியைச் செங்குத்து என்றால் கழித்துக்கொள்ளலாம். மலை ஏறுகிறவளே செங்குத்து என்கிறாளே?

சண்முகத்திடம் சொன்னேன். "அதுக்கென்ன, படகுலயே இன்னொரு சுத்து வருவோம்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு ஒகேனக்கல் செருப்புகள் மொத்தமும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. எழுந்துபோய் விடுதி போனிலிருந்து நூர்ஜஹானைக் கூப்பிட்டேன். லைனில் என் குரல் எனக்கே இரண்டு தரம் கேட்டது. புத்தகம் மாறிப்போனதைச் சொன்னேன். ஆள் மாறிப்போனதைச் சொன்னேன்.

 

"சரிக்கா, எழுதுன ஆளு வேற. ராயக்கோட்டைல ஏறுனது? அதுவும் வேற ஆளா?"

போனை வைத்துவிட்டு வந்து காலிப்பரைத் துடைத்து வைத்தேன்.

மறுநாள் காலை கிளம்பினோம். மலையேறும் பெண் பொய் சொல்லவில்லை, படிகள் செங்குத்துதான். ஈரம் வேறு. ஆனால் மரப்படிகளுக்குக் கைப்பிடி இருந்தது, ராயக்கோட்டையில் அது கிடையாது. சண்முகம் எப்போதும் நடப்பது போலவே நடந்தார். நாலு எட்டு முன்னால் போவார், நிற்பார், திரும்பிப் பார்ப்பார். "அவசரமே இல்ல" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டால்தான் எனக்கு அவசரம் வரும். எங்களைத் தாண்டி வெள்ளைக்காரர்கள் போனார்கள், ஜப்பான்காரர்கள் போனார்கள், குழந்தையை முதுகில் கட்டிய ஒருத்தி போனாள். வேர்வை கண்ணை மறைத்தது. காலிப்பர் தொடையில் உரசிப் புண்ணாக்கியது. பாதியில் ஒருமுறை உட்கார்ந்து, இத்தோடு போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சண்முகம் மேலே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு எழுந்தேன்.

மேலே மர மேடை. அங்கிருந்து பாலம் தொடங்கியது. வாசலில் நின்ற மலாய்ப் பெண் என் காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் எல்லோருக்கும் சொன்னதையே எனக்கும் சொன்னாள். "ஒருத்தர் பின்னால் ஒருத்தர். நடுவில் இடம் விடுங்கள். ஆட்டாதீர்கள்." என்னை முதலில் விட்டாள். பின்னால் சண்முகம்.

ஒற்றைப் பலகை அகலம்தான். இரண்டு பக்கமும் கை உயரத்தில் கயிறு. கீழே மரங்களின் தலை, அதற்குக் கீழே இன்னும் மரங்கள், தரை தெரியவில்லை. கயிற்றைப் பிடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரையும் மேஜையையும் ஆட்கள் தோளையும் பிடித்து நடந்தே என் கைகள் காய்த்தவை. இரண்டு பக்கமும் பிடிமானம் உள்ள பாதையை என் வாழ்க்கையில் அதுவரை யாரும் எனக்குப் போட்டுத் தந்ததில்லை. பாலம் ஆடியது. நான் ஆடாமல் நடந்த நாள் எது? அதோடு சேர்ந்து ஆடிக்கொண்டே போனேன். எங்கோ கீழே ஒரு பறவை விட்டுவிட்டுக் கூவியது. மேகம் போல ஆவி எழும்பி வந்தது. பள்ளிக்கூடத்துப் பசி தீர்ந்துகொண்டிருந்தது.

"பரமு."

என் பெயர் பின்னாலிருந்து வந்தது. சண்முகத்தின் குரல்தான், ஆனால் அவர் வீட்டில் பேசும் குரல் இல்லை.

"பரமு, நில்லு. மெதுவாப் போ."

திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் மூன்றாவது பலகையிலேயே இருந்தார். இரண்டு கைகளும் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தன. கண்களை மூடியிருந்தார். முகம் வெளுத்திருந்தது. எங்கள் வீட்டில் பரண்மேல் இருந்து எதையும் அவர் எடுத்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பின்னால் மேடையில் ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது. அந்தப் பாலத்தில் யாரும் யாரையும் தாண்டிப் போக முடியாது.

"கண்ணைத் திறங்க. கீழ பாக்காதீங்க, என்னைப் பாருங்க" என்றேன்.

திறந்தார். என்னைப் பார்த்தார். வலது காலை ஒரு சாண் நகர்த்தினார்.

"அவசரமே இல்ல" என்றேன். நின்று, அவர் வந்து சேரக் காத்திருந்தேன்.